வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது

எங்கள் ஊர் நாகர்கோவிலில், கோட்டாறு பக்கம். கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் அங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது. டிசம்பர் 3ஆம் தேதி சவேரியார் கோயில் திருவிழா. அப்புறம் விடிகாலையில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் திருப்பாவை, ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ். கூடவே சுசீந்திரம் மார்கழித் தேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் சுமார் 47. ஆக, யார் பெரும்பான்மை என்பதே தெருவுக்குத் தெரு மாறும் ஊர்.

எங்கள் வீடு சைவம். முட்டைகூட உள்ளே வராது. பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர், கத்தோலிக்கர். அவர்கள் வீட்டு முற்றத்தில் டிசம்பர் நடுவில் சவுக்குக் கிளை ஒன்றை மண் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டு வைப்பார்கள். அதை நாங்கள் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டோம். எங்களுக்கு, இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடில்தான் எல்லாம். வைக்கோல் கொண்டு வருவதும், பழைய சாக்கில் பசை தடவி மலை செய்வதும், முளைவிட்ட நெல்லை வயலாக வைப்பதும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் வேலை. ஆடு மாடு பொம்மைகளில் ஒன்றிரண்டு எங்கள் கொலுப்பெட்டியிலிருந்து போனவை. ஸ்டார் எங்கள் வீட்டு வாசலிலும் தொங்கும். மூங்கில் சட்டத்தில் கலர் பேப்பர் ஒட்டி உள்ளே பல்பு போட்ட ஸ்டார். ஏன் தொங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. டிசம்பர் என்றால் ஸ்டார், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு டீச்சர் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து ஒன்று வரும். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் இருப்பது ஒரே முந்திரிக்கொத்துதான். பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்தது. டீச்சர் வீட்டு அச்சுமுறுக்கில் முட்டை உண்டு. ஆனால் முதல் ஈடு முட்டை சேர்க்காத மாவில் சுட்டு எங்களுக்கென்று தனியே எடுத்து வைப்பார். எங்கள் அம்மா தீபாவளியன்று சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே டீச்சர் வீட்டுப் பங்கைத் தனியே எடுத்து மூடி வைப்பார். படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். இந்த ஏற்பாடு எப்போது ஏற்பட்டதென்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடைவிழா சமயத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன மாவட்டம் இது. எனக்கு அப்போது நாலு வயது. அந்த வருஷ டிசம்பரில் தட்டு வருமா வராதா என்று அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாராம். வந்தது. பிற்பாடு நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை, நெற்றியில் திருநீறைப் பார்த்து, அழித்துவிட்டு வகுப்புக்கு வரச் சொன்னார். அம்மா சண்டைக்குப் போகவில்லை. மறுநாளும் பூசித்தான் அனுப்பினார், கொஞ்சம் மெல்லிசாக. அதே பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் மூன்று வருஷம் தேவதூதராக நின்றிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அழி என்று சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓஹாயோ மாநிலத்தில் கொலம்பஸுக்கு ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் குடியேறிய பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் வகுப்பில் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளை அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அங்கே டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தீபாவளிக்கு வாசலில் போட்ட சீரியல் லைட்டை நாங்கள் கழற்றவே இல்லை. அந்த இருட்டில் அதை அணைக்க மனசு வரவில்லை. இந்த வருஷம் யாரோ சீக்கிரமே கிறிஸ்துமஸ் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். நாங்களும் மறுக்கவில்லை.

அங்கே கிறிஸ்துமஸ் பிடிக்காமல் போக வழியே இல்லை. அடுத்தவர் பண்டிகையில் இருக்கும் பெரிய சுகம், அதில் நமக்கு வேலை இல்லை என்பது. நம் பண்டிகை என்றால் விடிகாலை எண்ணெய்க் குளியல், பலகாரம், படையல், யாருக்கு என்ன வாங்கினோம் என்ற கணக்கு. அடுத்த வீட்டுப் பண்டிகை என்றால் தின்பண்டம் மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. நம் பண்டிகைகளில் பல வீட்டுக்குள், பூஜை அறையில் நடந்து முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் வாசலுக்கு வருகிறது, பாடுகிறது, ஜன்னலில் வெளிச்சம் போடுகிறது. பார்த்துச் சந்தோஷப்பட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எங்களைப் போன்றவர்கள் அங்கே நிறையப் பேர். பியூ ஆய்வு மையம் 2012இல் ஆசிய அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், இந்துக்களில் 73 விழுக்காட்டினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு யூதர்களிடம் எடுத்ததில் 32 விழுக்காட்டினர் முந்தைய வருஷம் வீட்டில் மரம் வைத்ததாகச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் உருகிக் கேட்கும் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர்களே யூதர்கள்தான். இன்னொரு பக்கம், பழுத்த கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் 1659இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டு, 1681 வரை வைத்திருந்தார்கள். இது தெரிந்தபோது எனக்கு ஏனோ ஒரு நிம்மதி. பைபிளில் இல்லாத பண்டிகை என்று அவர்களே தள்ளிவைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறதே.

சரி, எங்கே இடறினோம் என்பதைச் சொல்கிறேன்.

முதல் இடறல் சாண்டா, ராத்திரியில் வந்து பரிசு வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லும் கிறிஸ்துமஸ் தாத்தா. மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிப் பேருந்தில் இரண்டு தோழிகளிடம், "சாண்டா எல்லாம் இல்லை, உங்க அப்பா அம்மாதான் வாங்கி வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் ஒரு தாய் போனில் கிட்டத்தட்ட அழுதார். எங்கள் வீட்டில் சாண்டா கதையே கிடையாது என்பதால், அதை ஊரே ஒரு ரகசியமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மகளைத் திட்டினேன். "அவ என்ன பொய்யா சொன்னா?" என்றார் கணவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி படுக்கும்போது கேட்டேன். "கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்ல இருந்து சின்னச் சின்னக் கால் தடம் இருக்கும்ல, அது யார் போட்டது?"

"நீதான். அரிசி மாவுல."

"தெரிஞ்சும் அதை மிதிப்பியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "கண்ணன் வர்ற வழிம்மா அது."

"அவங்க வீட்டு சாண்டாவும் அப்படித்தான்."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை. கிறிஸ்தவர் அல்லாத வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், நவம்பர் முடிவதற்குள் இந்தப் பேச்சைப் பேசி வையுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த நம் வீட்டு உதாரணம் ஒன்றைச் சொன்னால் போதும்.

இரண்டாவது இடறலில் தப்பு முழுக்க என்னுடையது. தீபாவளி என்றால் என்ன என்று வகுப்பாசிரியை கேட்டார். "அது எங்கள் கிறிஸ்துமஸ் மாதிரி" என்றேன். சுலபமாகப் புரியட்டுமே என்றுதான். காரில் வரும்போது பின் சீட்டிலிருந்து கேள்வி வந்தது. "ஏன்மா அப்படிச் சொன்னே? அது கிறிஸ்துமஸ் இல்லையே. அது தீபாவளிதானே." பிள்ளை சொன்னது சரி. யூதர்களின் ஹனுக்காவுக்கும் அந்நாட்டில் இதுதான் நடந்தது. அவர்கள் மரபில் அது சின்னப் பண்டிகை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வந்த ஒரே காரணத்தால், பரிசுப் பொட்டலங்களோடு பெரிதாக ஊதிவிட்டது. இன்னொன்றின் சாயலாக நம்மை விளக்கினால் கேட்பவருக்குச் சுலபம். பிள்ளைக்கோ, தன்னிடம் இருப்பது இரண்டாம் தரச் சரக்கு என்று பட்டுவிடும். அதன்பின் யார் கேட்டாலும், நரகாசுரன், எண்ணெய்க் குளியல், பட்டாசு, லேகியம் என்றே சொல்ல ஆரம்பித்தேன். லேகியம் என்றதும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதிகாலையில் வெறும் வயிற்றில் மருந்து சாப்பிடும் பண்டிகையா என்று!

எங்கள் தமிழ்ச் சிநேகிதர்கள் இரண்டு கட்சி. மரம் வைத்தால் பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று ஒரு கட்சி. எட்டடி மரம் வைத்துவிட்டு, தீபாவளியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி ஜன்னல் திரையை இழுத்து மூடிக் கொண்டாடுவது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் மாறுவதில்லை. "நீங்க என்ன செய்வீங்க?" என்று பள்ளியில் கேட்கும்போது வாயில் பதில் இல்லாத பிள்ளைதான் சுருங்கிப் போகிறது. நாங்கள் மூன்றாம் வருஷம் பழைய சாமான் கடையில் இரண்டடி மரம் ஒன்று வாங்கினோம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "குடில் இல்லாம மரம் மட்டும் எதுக்குட்டி?" என்றார். நியாயமான கேள்விதான். இதே விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1989இல் பென்சில்வேனியாவின் அலெகேனி கவுண்டி வழக்கில், நீதிமன்றக் கட்டடத்துக்குள் தனியாக வைத்த குடில் அரசு ஒரு மதத்துக்கு ஆதரவு தருவதுபோல் ஆகும், கூடாது என்றார்கள். வேறொரு அரசுக் கட்டட வாசலில் யூதர்களின் விளக்குத்தண்டும் பக்கத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரமும் இருந்ததற்குத் தடை சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் குடில் மதம், மரம் ஊர் வழக்கம். அம்மாவின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மதமே இல்லாத கிறிஸ்துமஸ் அவருக்கு உப்பில்லாத குழம்பு.

பள்ளியோடு பேச வேண்டியதை டிசம்பரில் பேசாதீர்கள். அப்போது ஆசிரியைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், நாம் என்ன சொன்னாலும் குறை சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழும். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போதே தீபாவளி, பொங்கல் தேதிகளை எழுதிக் கொடுத்து, விரும்பினால் ஒரு நாள் வந்து கோலம் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்தேன். நியூயார்க் மாநகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று 2023இல் சட்டமே வந்தது. எங்கள் ஊரில் அது சாதாரண வேலை நாள். விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே கடிதம் கொடுப்பது நல்லது. பள்ளி இசை நிகழ்ச்சியில் இயேசு பிறப்புப் பாட்டு ஒன்று இருந்தது. பாடலாமா என்று மகள் கேட்டாள். தேவதூதராக நின்ற நான் என்ன சொல்வேன்? பாடச் சொன்னேன். பாட விருப்பமில்லை என்று அவள் சொல்லியிருந்தாலும், ஆசிரியையிடம் நானே போய்ச் சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம் வேண்டும், குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. பை என்ற பலகாரத்தின் மேல்மாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். இஞ்சி ரொட்டி வீட்டை ஒட்டும் வெள்ளைப் பசையில் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு. இதையெல்லாம் விருந்து மேசையில் நின்றுகொண்டு விசாரித்தால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். அழைப்பு வந்த அன்றே, "நாங்கள் இன்னது சாப்பிட மாட்டோம், எங்களுக்காக ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு பதார்த்தம் நாங்களே கொண்டுவருகிறோம்" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

தேவாலயத்துக்கு அழைத்தால் நான் போவேன். கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி, ஒரு மெழுகுவத்தியிலிருந்து அடுத்ததற்கு என்று சுடரை ஏற்றி ஏற்றிக் கூடம் முழுக்க வெளிச்சமாவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆனால் நற்கருணை என்னும் புனித அப்பம் கொடுக்கும்போது எழுந்து வரிசையில் நிற்காதீர்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதை நான் எட்டு வயதிலேயே கற்றுக்கொண்டேன். டீச்சர் வீட்டாரோடு நடுராத்திரிப் பூசைக்குப் போயிருந்தபோது, ஏதோ வெள்ளையாகக் கொடுக்கிறார்களே என்று நானும் வரிசையில் போய் நின்றேன். பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தார் டீச்சர். "அது தின்பண்டம் இல்ல மக்களே. எங்களுக்கே அதுக்குன்னு ஒரு படிப்பு படிச்ச பிறகுதான் குடுப்பாங்க." வெளியே வந்ததும் கேக் வாங்கித் தந்தார். முட்டை கேக். வீட்டில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் எதிர்வீட்டுப் பாட்டியம்மாவால் வந்தது. நாங்கள் குடியேறிய முதல் டிசம்பரிலேயே ஒரு தட்டு நிறையப் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்தார். பூப்போட்ட பீங்கான் தட்டு. மறுவாரம் அதைக் கழுவித் துடைத்து, ஒரு நன்றிச் சீட்டோடு திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருஷமும் அப்படியே. பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை.

"வெறும் தட்டையா திருப்பிக் குடுத்த?"

"இங்க அப்படி ஒண்ணும் வழக்கம் இல்லம்மா."

"நமக்கு உண்டுல்லா?"

யோசித்துப் பார்த்தால், நாகர்கோவிலில் நான் சிறுவயதில் ஒருபோதும் விருந்தாளியாக உணர்ந்ததில்லை. தட்டு அந்தப் பக்கமும் போகும், இந்தப் பக்கமும் வரும். ஓஹாயோவில் இரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டே இருந்தோம். மகள் தன் வகுப்பில் அந்நியமாக உணர்ந்ததில் எங்கள் பங்கும் இருந்திருக்கிறது. அவள் கையில் கொடுத்தனுப்ப நாங்கள் எதையும் வைக்கவே இல்லையே.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்திரிக்கொத்து செய்தேன். கருப்பட்டி இந்தியக் கடையில் கிடைத்தது. கொஞ்சம் பள்ளிக்கும், கொஞ்சம் எதிர்வீட்டுக்கும். பள்ளிக்குக் கொடுத்தது அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது! பெயரை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'கேஷ்யூ கிளஸ்டர்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். முந்திரிப்பருப்பு என்று படித்துவிட்டுப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக அப்படியே ஒதுக்கிவிட்டார்கள். அதில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை, உருண்டைகள் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டியிருப்பதால் வந்த பெயர். ஆனால் நான் எள் போட்டிருந்தேன். 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் அங்கே பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள். ஆகவே அவர்கள் ஒதுக்கியதும் ஒரு வகையில் சரிதான். பள்ளிக்கு இப்போதெல்லாம் கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலம்தான். வீட்டுப் பலகாரம் தெரிந்தவர் வீடுகளுக்கு மட்டும், என்னென்ன சேர்த்தோம் என்று எழுதிய சீட்டோடு.

எதிர்வீட்டுக்குப் போன தட்டில் அந்தச் சீட்டு இருந்தது. டிசம்பரில் பூப்போட்ட தட்டு வந்தபோது அதிலும் ஒரு சீட்டு. மாவு, வெண்ணெய், சர்க்கரை, பட்டை என்று நடுங்கும் கையெழுத்தில் எழுதி, கடைசியில் முட்டை இல்லை என்பதன் கீழே இரண்டு கோடு. நாங்கள் முட்டை சாப்பிட மாட்டோம் என்று அவரிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மகள் சொல்லியிருக்கிறாள்.

போன தீபாவளிக்கு அம்மா எங்களோடு இருந்தார். ஆறு மாதம் தங்க வந்திருந்தார். குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று, முதல் ஈட்டிலேயே பத்துப் பன்னிரண்டு முந்திரிக்கொத்தைத் தனியே எடுத்து, பூப்போட்ட தட்டில் வைத்து மூடினார். சாமிக்கு இன்னும் படைக்கவில்லை.

"அவங்க அதெல்லாம் பார்க்க மாட்டாங்கம்மா. அவங்க ஒண்ணும் கேக்கலையே," என்றேன்.

அம்மா அடுத்த ஈட்டை எண்ணெயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சரும்தான் கேட்டதில்ல."